நீ யார்? உனக்கு இங்கே என்ன வேலை?

பட்டாசு ஆலை கணக்கர், திருத்தங்கல்

கே: அண்ணாச்சி, எங்கள் ஆபீஸ் சாஃப்ட்வேரில் ஒரு நாள் 401 வருகிறது, மறுநாள் 403 வருகிறது. இரண்டுக்கும் 'உள்ளே விடமாட்டேன்' என்றுதானே அர்த்தம்? பாஸ்வேர்டை மாற்றிப் போட்டால் போதாதா?

ப: 401-க்கு வேண்டுமானால் போதும். 403-க்கு நூறு தடவை மாற்றினாலும் நகராது. உங்கள் ஆலையையே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் கேட்டில் வாட்ச்மேன் நிற்கிறார். தீப்பெட்டி, செல்போன் இருக்கிறதா என்று பார்க்கிறார். ஆள் யார் என்று தெரிந்தால்தான் உள்ளே விடுவார். புது ஆள் வந்து, அடையாளமும் காட்டாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுவார். அது 401: 'நீ யார்?' சரி, உள்ளே வந்துவிட்டீர்கள். மருந்து கலக்கும் அறைப் பக்கம் போனால் போர்மேன் கையை நீட்டித் தடுக்கிறார். அவருக்கு உங்களைத் தெரியும், உங்கள் அப்பாவையும் தெரியும். ஆனாலும் கணக்கருக்கு அந்த அறையில் வேலை இல்லை. அது 403: 'உனக்கு இங்கே என்ன வேலை?'

ஆகவே 401 வந்தால் டோக்கன், கீ, பாஸ்வேர்டு ஆகியவற்றைப் பாருங்கள். 403 வந்தால் அந்த யூசருக்கு என்னென்ன அனுமதி கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். 401 அனுப்பும் சர்வர், எந்த வகைச் சான்றைக் கொண்டுவர வேண்டும் என்பதையும் டபிள்யூடபிள்யூடபிள்யூ-ஆத்தென்டிகேட் என்ற ஹெடரில் சொல்லியாக வேண்டும். 2022 ஜூனில் வந்த ஆர்எஃப்சி 9110 விதி அது. பல நேரம் விடை அந்த ஒரு வரியிலேயே இருக்கும்.

எல்லா சர்வரும் இந்த ஒழுங்கில் நடப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமேசானின் ஏபிஐ கேட்வேயில் முகவரியை ஓர் எழுத்து தப்பாக அடித்தாலும் 403 வரும், கூடவே 'மிஸ்ஸிங் ஆத்தென்டிகேஷன் டோக்கன்' என்று ஒரு வாசகமும் வரும். டோக்கனை நாள் முழுக்கத் தேடுவார்கள். தப்பு யூஆர்எல்லில் இருக்கும். கிட்ஹப்பில் உங்களுக்கு அனுமதி இல்லாத இடத்தைக் கேட்டால் 404 சொல்லும். அப்படி ஓர் இடம் இருப்பதையே வெளியாளிடம் காட்ட வேண்டாம் என்பது அவர்கள் கணக்கு.

கல்லூரி மாணவர், ராஜபாளையம்

கே: டோக்கன் சரி, ஹெடர் சரி, யூஆர்எல் சரி. எல்லாமே சரி. ஆனாலும் 401!

ப: எல்லாமே சரியென்றால் 200 வந்திருக்குமே, தம்பி. டோக்கனின் எழுத்துகளை எண்ணிப் பாருங்கள். வாட்ஸ்அப்பிலிருந்து காப்பி செய்தபோது கடைசியில் ஓர் இடைவெளியோ புதுவரியோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். 'பேரர்' என்ற சொல்லுக்கும் டோக்கனுக்கும் நடுவில் ஒரே ஓர் இடைவெளிதான் இருக்க வேண்டும்.

அதுவும் சரியென்றால், நீங்கள் அனுப்பியதைப் பார்க்காதீர்கள். சர்வருக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள். அப்பாச்சியில் பிஎச்பி-யை சிஜிஐ வழியாக ஓட்டும் ஹோஸ்டிங்கில் ஆதரைசேஷன் ஹெடர் புரோகிராமுக்குப் போகாமல் வழியிலேயே நின்றுவிடும். 'சிஜிஐபாஸ்ஆத் ஆன்' என்ற ஒரு வரி அதைத் தீர்க்கும். இன்னொன்று ரீடைரக்ட். டபிள்யூடபிள்யூடபிள்யூ இல்லாத முகவரிக்கு அனுப்பினீர்கள், சர்வர் அது உள்ள முகவரிக்குத் திருப்பிவிட்டது. பெயர் மாறியதும் கர்ல் போன்ற கருவிகள் ஆதரைசேஷன் ஹெடரைக் கழற்றிவிட்டுத்தான் அடுத்த வாசலுக்குப் போகும். அது பாதுகாப்புக்காகச் செய்வது. கடைசி முகவரி எதுவோ, அதற்கே நேராக அனுப்புங்கள்.

ஆன்லைன் கடைக்காரர், ஸ்ரீவில்லிபுத்தூர்

கே: என் கீயும் சீக்ரெட்டும் கீழே கொடுத்திருக்கிறேன். என்ன தப்பு என்று பார்த்துச் சொல்லவும்.

ப: கீழே கொடுத்ததுதான் தப்பு. நான் இதை அச்சிடவில்லை. நீங்கள் இதைப் படித்து முடிப்பதற்குள் அந்த சீக்ரெட்டை ரத்து செய்து புதிது எடுங்கள். பால்கோவாவை எனக்கு அனுப்பலாம், சீக்ரெட்டை யாருக்கும் அனுப்பக் கூடாது.

எண்ணெய் ஆலை உரிமையாளர், விருதுநகர்

கே: எங்களுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயம். காலையில் ஒன்பதரைக்கு ஆரம்பித்தால் ஜோராக ஓடுகிறது. மதியம் மூன்றரைக்கு மேல் ஒரு பில்லும் ஏறுவதில்லை. 'இன்வேலிட் டோக்கன்', எர்ரர் 1005. லாரி வாசலில் நிற்கிறது, டிரைவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் தானாகச் சரியாகிவிடுகிறது. சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்த பையன் 'கவர்மென்ட் சர்வர் பிஸி' என்கிறான்.

ப: அண்ணாச்சி, நேரத்தை இவ்வளவு துல்லியமாக எழுதி அனுப்பினீர்களே, பாதி வேலை முடிந்துவிட்டது. சர்வர் பிஸியாக இருந்தால் தினமும் மூன்றரைக்கு வந்து ஒன்பதுக்குப் போகாது.

இ-இன்வாய்ஸ் ஏபிஐ கொடுக்கும் டோக்கன் 6 மணி நேரம் செல்லும். ஒன்பதரைக்கு வாங்கியது மூன்றரைக்குக் காலாவதி. அந்த நேரத்தை நம் நாட்டு நேரத்தில்தான் பதிலில் எழுதி அனுப்புகிறார்கள், பக்கத்தில் எந்த நாட்டு நேரம் என்ற குறிப்பு இருக்காது. உங்கள் சாஃப்ட்வேர் கிளவுட் சர்வரில் இருக்கிறது; அந்தச் சர்வர் யூடிசி நேரத்தில் ஓடுகிறது. அது 'மூன்றரை' என்று படித்ததும் யூடிசி மூன்றரை என்று எடுத்துக்கொள்கிறது. நம் கடிகாரத்தில் அது இரவு ஒன்பது மணி. இடைப்பட்ட ஐந்தரை மணி நேரமும் செத்துப்போன டோக்கனைத் தூக்கிக்கொண்டு கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. ஒன்பதானதும் 'டோக்கன் முடிந்தது' என்று நினைத்துப் புதிது வாங்குகிறது, உடனே சரியாகிவிடுகிறது.

அந்தப் பையனிடம் இரண்டு வேலை சொல்லுங்கள். காலாவதி நேரத்தைப் படிக்கும் இடத்தில் ஏசியா/கொல்கத்தா என்று டைம்ஸோனைக் குறிப்பிட வேண்டும். 1005 வந்தால் கையிலிருக்கும் டோக்கனைத் தூக்கிப்போட்டு, ஒரே ஒரு முறை புதிது வாங்கி, அதே பில்லைத் திரும்ப அனுப்ப வேண்டும். அதற்காக ஒவ்வொரு பில்லுக்கும் லாகின் செய்யும் வேலையை வைத்துவிடக் கூடாது. 6 மணி நேரம் செல்லுகிற டோக்கனைச் சேமித்து வைத்துக்கொண்டு ஓட்டுவதுதான் முறை.

2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களில் பெரும்பாலோர் இ-இன்வாய்ஸ் கட்டாயத்துக்குள் வந்துவிட்டார்கள். 10 கோடிக்கு மேல் என்றால் 2025 ஏப்ரல் 1 முதல் பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் ஏற்றியாக வேண்டும் என்றும் ஆகிவிட்டது. அதனால் 'நாளைக்குப் பார்ப்போம்' என்று இந்த எர்ரரைத் தள்ளிப்போடாதீர்கள்.

இதே விஷயத்தில் அருப்புக்கோட்டை, சாத்தூர் வாசகர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். போர்ட்டலில் நீங்கள் நுழையும் யூசர்நேமும் பாஸ்வேர்டும் ஏபிஐ-க்குச் செல்லாது. போர்ட்டலுக்குள் போய் ஏபிஐ-க்கென்று தனி யூசரை உருவாக்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு ஜிஎஸ்டிஐஎன்-க்கும் தனித்தனியாக. சாண்ட்பாக்ஸில் சோதித்த கிளையன்ட் ஐடியும் சீக்ரெட்டும் நிஜ சர்வரில் எடுபடாது. நேரடியாக இணைந்தவர்கள் பதிவு செய்துகொடுத்த ஐபி முகவரி இன்னும் அதேதானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்டர்நெட் கம்பெனியை மாற்றிய மறுநாள் தொடங்கும் எர்ரருக்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

தீப்பெட்டி ஆபீஸ் மேனேஜர், சாத்தூர்

கே: கரண்ட் போய் வந்தாலே எங்கள் கம்ப்யூட்டர் ஏபிஐ-யில் நுழைய மறுக்கிறது. யூபிஎஸ் மாற்றியும் பார்த்துவிட்டோம்.

ப: திரையின் வலது மூலையில் தேதியைப் பாருங்கள். ஏதோ பழைய வருஷம் காட்டினால், மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. விலை சொற்பம். ஏபிஐ-க்குக் கையெழுத்திட்டு அனுப்பும் வேண்டுகோளில் நேரமும் சேர்ந்தே போகிறது; கடிகாரம் தப்பாக இருந்தால் மறுத்துவிடும். அமேசான் எஸ்3 15 நிமிடத்துக்கு மேல் கடிகாரம் தள்ளியிருந்தால் ஏற்காது. ஸ்ட்ரைப் என்ற பேமென்ட் நிறுவனத்தின் வெப்ஹூக் (அவர்கள் சர்வர் தானாக அனுப்பும் தகவல்) சோதனை வழக்கமாக 5 நிமிடம்தான் பொறுக்கும். பேட்டரியை மாற்றிவிட்டு, நேரத்தை நெட்டிலிருந்து எடுக்கும்படி வையுங்கள். நாட்டின் நேரத்தைக் காக்கும் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகமே அதற்கு ஒரு நேர சர்வரை நடத்துகிறது.

காலண்டர் அச்சக உரிமையாளர், சிவகாசி

கே: ஆடிப்பெருக்கில் ஆல்பம் வெளியிட்டோம், ஆர்டர் வருகிறது. பணம் கட்டியதும் வெப்ஹூக் வந்து எங்கள் கணக்கில் ஏற வேண்டும். சில ஆர்டர் ஏறுகிறது, சில ஆர்டருக்கு 'சிக்னேச்சர் பொருந்தவில்லை' என்று வருகிறது. சீக்ரெட் ஒன்றுதான். எப்படி சிலதுக்கு மட்டும்?

ப: எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. ஏறாத ஆர்டர்களை மட்டும் தனியாக எடுத்து வைத்துப் பாருங்கள். கடைப் பெயரைத் தமிழில் அடித்த வாடிக்கையாளர்களாக இருப்பார்கள். இல்லாவிட்டால் முகவரியில் 12/3 என்பது போல் சாய்கோடு போட்டவர்களாக இருப்பார்கள்.

பணம் பெறும் நிறுவனம் ஒரு ஜேசன் செய்தியை அனுப்புகிறது. அதன் ஒவ்வொரு பைட்டையும் உங்கள் சீக்ரெட்டோடு சேர்த்து எச்மேக் எஸ்எச்ஏ-256 முறையில் கணக்கிட்டு, அந்த விடையை ஹெடரில் வைக்கிறது. நீங்களும் அதே கணக்கைப் போட்டு ஒத்துப் பார்க்க வேண்டும். உங்கள் புரோகிராமோ செய்தியை முதலில் பிரித்துவிட்டு, மறுபடி ஜேசனாகக் கட்டி, அதற்குக் கணக்குப் போடுகிறது. இங்கேதான் வம்பு. 'ச' என்ற எழுத்து யூடிஎஃப்-8இல் மூன்று பைட். பிஎச்பி-யின் ஜேசன் என்கோட் அதையே ஆறு எழுத்துக் குறியீடாக மாற்றி எழுதும். சாய்கோட்டுக்கு முன்னால் இன்னொரு கோட்டையும் சேர்க்கும். படித்தால் பொருள் ஒன்றுதான், பைட் வேறு. அனுப்பியவர் ஒரு விதமாகவும் நீங்கள் இன்னொரு விதமாகவும் எழுதினால், ஒரு பைட் மாறினாலே சிக்னேச்சர் தலைகீழாகிவிடும். ஆங்கிலத்தில் எழுதியவர் தப்பித்தார், தமிழில் எழுதியவர் மாட்டிக்கொண்டார்.

வந்த செய்தியை வந்தபடியே, பிரிக்காமல், முதலில் சோதியுங்கள். தேறிய பிறகு பிரியுங்கள். நம் ஊரில் கடைப் பெயரைத் தமிழில் எழுதுகிறவர் ஆர்டர் விழக் கூடாது. இதைச் சரிசெய்யாமல் தூங்காதீர்கள்.

எல்லா ஆர்டருமே பொருந்தவில்லை என்பவர்களுக்குக் காரணம் வேறு. ரேசர்பேயில் ஏபிஐ கீயோடு வரும் சீக்ரெட் ஒன்று. வெப்ஹூக்குக்கு நீங்களே வைக்கும் சீக்ரெட் இன்னொன்று. முதலாவதை இரண்டாவதின் இடத்தில் போட்டுவிட்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர்.

அதே உரிமையாளரின் மகன்

கே: சீசன் முடியும்வரை சிக்னேச்சர் சோதனையை நிறுத்தி வைத்துவிட்டு, பொங்கலுக்கு அப்புறம் சரிசெய்துகொள்ளலாமா?

ப: கூடாது, தம்பி. வெப்ஹூக் முகவரி என்பது இன்டர்நெட்டில் எல்லோருக்கும் திறந்திருக்கும் கதவு. சோதனையை எடுத்துவிட்டால், அந்த முகவரி தெரிந்த எவனும் 'இந்த ஆர்டருக்குப் பணம் வந்துவிட்டது' என்று ஒரு செய்தியை அனுப்பலாம். உங்கள் சர்வர் நம்பிவிடும், பார்சல் கட்டி லாரி ஆபீஸுக்குப் போய்விடும். அட்டையில் வாடிக்கையாளர் பெயர் அச்சடித்த காலண்டரைத் திரும்ப வாங்கி யாருக்கு விற்பீர்கள்? எத்தனை பேர் ராப்பகலாக வேலைபார்த்த சரக்கு அது.

அவசரத்துக்கு வழி இருக்கிறது. வெப்ஹூக்கை வெறும் தகவலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள பேமென்ட் எண்ணை எடுத்து, உங்கள் கீயைக் கொண்டு அந்த நிறுவனத்தின் ஏபிஐ-யிடமே 'இந்தப் பணம் வந்ததா, எவ்வளவு?' என்று கேளுங்கள். அது சொன்ன பிறகு ஆர்டரை ஏற்றுங்கள். தொகை பைசாவில் வரும், ஞாபகம் இருக்கட்டும். ஒரே செய்தி இரண்டு முறை வருவதும் உண்டு. நிகழ்வு எண்ணைக் குறித்துவைத்து, வந்தது மறுபடி வந்தால் விட்டுவிடுங்கள்.

ஃப்ரீலான்ஸ் டெவலப்பர், விருதுநகர்

கே: போஸ்ட்மேனில் அடித்தால் 200. நிஜ வெப்ஹூக் வந்தால் 403, சில சமயம் 419. புரோகிராம் லாக்கில் ஒரு வரிகூட விழவில்லை.

ப: லாக்கில் விழவில்லை என்றால் உங்கள் கோடு வரைக்கும் அது வரவே இல்லை. 419 லாராவெலின் சிஎஸ்ஆர்எஃப் காவல். மனிதர் நிரப்பும் ஃபார்முக்கு அது வேண்டும். வெப்ஹூக் வழிக்கு மட்டும் விலக்குக் கொடுத்து, அந்த இடத்தில் சிக்னேச்சர் சோதனையைக் காவலுக்கு வையுங்கள். 403 பெரும்பாலும் கிளவுட்ஃப்ளேர் மாதிரி முன்னால் நிற்கும் காவல், 'நீ ரோபோவா?' என்று கேட்டுத் தடுப்பது. வருவது ரோபோதானே! அந்த ஒரு வழிக்கு மட்டும் விதி எழுதுங்கள், முழுத் தளத்துக்கும் காவலை எடுத்துவிடாதீர்கள். சீக்கிரம் செய்யுங்கள்: ரேசர்பே 24 மணி நேரம் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும், பிறகு அந்த வெப்ஹூக்கையே நிறுத்திவிடும்.

பட்டாசுக் கடைக்காரர், சிவகாசி

கே: வெப்சைட் போட்டேன். பேமென்ட் கேட்வே என் கணக்கைத் திறக்கவே மறுக்கிறது. ஏபிஐ-யில் எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்?

ப: எதையும் இல்லை. 2018 அக்டோபர் 23-இல் அர்ஜுன் கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம், இ-காமர்ஸ் தளங்கள் பட்டாசுக்கு ஆன்லைன் ஆர்டர் எடுக்கவும் விற்கவும் தடை போட்டது. இந்த மறுப்பு அங்கிருந்து வருகிறது. கோடு எழுதி அதைத் தாண்ட முடியாது. வேறு ஏதாவது பொருள் விற்பதாகக் காட்டிக் கணக்குத் திறந்து தருகிறேன் என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். மாட்டுகிறவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

உங்கள் கடைப் பெயரையும் லைசென்ஸ் படத்தையும் எடுத்து வேறொருவன் போலித் தளம் நடத்துகிறானா என்று தீபாவளிக்கு முன்பே தேடிப் பாருங்கள். பார்த்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். எங்கோ ஒரு குடும்பம் பிள்ளைகளுக்கென்று சேர்த்த பணத்தைச் சிவகாசிப் பெயரை நம்பி அனுப்பி ஏமாறுவதைக் கேட்டால் எனக்கு மனசு கொதிக்கிறது.

புத்தகக் கடை அக்கா, அருப்புக்கோட்டை

கே: வாட்ஸ்அப் வெப்ஹூக்கைச் சேர்க்கும்போதே 'சரிபார்க்க முடியவில்லை' என்கிறது. அப்புறம் ஒரு வழியாகச் சேர்ந்தது, மறுநாளே டோக்கன் செத்துவிட்டது!

ப: அக்கா, முதலில் அவர்கள் ஒரு சவால் எண்ணை அனுப்புவார்கள். வெரிஃபை டோக்கன் நீங்கள் வைத்ததுதானா என்று பார்த்துவிட்டு, அந்த எண்ணை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். மேற்கோள் குறி, ஜேசன் எதுவும் கூடாது. மறுநாள் செத்தது சோதனைக்காகக் கொடுக்கும் தற்காலிக டோக்கன். சிஸ்டம் யூசர் ஒன்றை உருவாக்கி அதன் டோக்கனை எடுங்கள்.

இன்னும் சரியாகவில்லை என்றால் திரும்ப எழுதுங்கள், எல்லா வாசகர்களும்தான். எழுதும்போது எத்தனை மணிக்கு வந்தது, என்ன எண் வந்தது, பதிலின் ஹெடரும் உடலும் முழுசாக என்ன என்று வையுங்கள். டோக்கனில் கடைசி நான்கு எழுத்து போதும்.