ஒரு டீ பாக்கி

கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருமுனை டீக்கடையில் ஒரு கரும்பலகை உண்டு. முன்பெல்லாம் அதில் "கடன் அன்பை முறிக்கும்" என்று எழுதியிருக்கும். அன்பு முறிந்ததோ இல்லையோ, கடன் குறையவில்லை. கடைக்காரர் வெறுத்துப்போய் அழித்துவிட்டார். காலியாகக் கிடந்த பலகையை ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பிடித்துக்கொண்டார். தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு பொது அறிவுக் கேள்வி. முதலில் சரியாகச் சொல்பவருக்கு ஒரு டீ, அவர் பென்ஷன் கணக்கில்.

கேள்வி விழுந்ததும் கடையில் ஓர் அமைதி வரும். பிரேசிலுக்குத் தலைநகர் எது என்றால் பத்து பேரும் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார்கள். அதே பத்து பேர், பக்கத்தைத் திருப்பிச் செய்திக்கு வந்ததும் எழுந்து உட்காருவார்கள். சீனாவை எப்படி அடக்குவது, ரிசர்வ் வங்கி எங்கே கோட்டை விட்டது, இந்திய அணியில் யாரை உட்கார வைக்கவேண்டும்... விடை உள்ள கேள்விக்கு வாய் திறக்காதவர்கள், விடையே இல்லாததற்கு முந்திக்கொண்டு சொல்வார்கள். எனக்கும் இதில் பங்குண்டு. சீனாவை நானே இரண்டு முறை அடக்கியிருக்கிறேன்.

என்னிடம் ஒரு சொத்து இருந்தது. மூன்று முறை குரூப் 4 எழுதியதில் வேலை கிடைக்கவில்லை, கைடு மிஞ்சியது. அதை வைத்தே ஆயுசுக்கும் ஓசி டீ குடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். கணக்கைக் கெடுத்தது செய்தி.

2019 நவம்பர் 22, வெள்ளிக்கிழமை. "தமிழ்நாட்டில் மாவட்டங்கள் எத்தனை?" கைடில் 32. கத்திச் சொன்னேன். அன்றுதான் தென்காசி உதயம், 33. சரி, மனப்பாடம் செய்தேன். செவ்வாய்க்கிழமை மறுபடி அதே கேள்வி. 33 என்றேன். 26ஆம் தேதி அது. விழுப்புரத்திலிருந்து பிரிந்து எங்கள் ஊரே 34ஆவது மாவட்டமாகும் நாள். சொந்த ஊர் காலை வாரிவிட்டது. வியாழக்கிழமை திருப்பத்தூர், ராணிப்பேட்டை. வெள்ளி காலை உஷாராக 36 என்றேன். "சரி, டீ சொல்லுப்பா" என்றார் ஐயா. அதற்குள் பக்கத்து பெஞ்சுக்காரர், "இன்னிக்குச் செங்கல்பட்டு சார்" என்றார். கிளாஸ் என் கைக்கு வந்து திரும்பிப் போனது. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை வந்து 38 ஆனபோது நான் போட்டியிலேயே இல்லை.

கஜகஸ்தான் விவகாரம் இன்னும் மோசம். தலைநகர் அஸ்தானா என்றேன். தப்பு, 2019 மார்ச்சிலேயே நூர்சுல்தான் ஆக்கிவிட்டார்களாம். போகட்டும் என்று விட்டேன். 2022 செப்டம்பரில் மறுபடி அஸ்தானாவே ஆக்கிவிட்டார்கள்! கைடைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்தப் பழைய டீயை இப்போதாவது தரவேண்டும் என்று கேட்டேன். "மறுகூட்டல் கிடையாது" என்று சாக்பீஸைப் பையில் போட்டுக்கொண்டார். இன்றுவரை அது பாக்கி.

உள்ளூர்க் கேள்வியும் கேட்பார். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்த ஆண்டு எது? 2021. கடையில் ஒரு சிற்பக்காரரே உட்கார்ந்திருந்தார், சட்டையெல்லாம் மரத்தூள். எல்லோரும் அவரைப் பார்த்தோம். "வருஷம் கெடக்கட்டும் சார், குடுத்த ஆர்டருக்குக் காசு எப்ப வரும்னு யாருக்காச்சும் தெரியுமா?" என்றார். யாருக்கும் தெரியவில்லை.

2024 ஜூனில் எங்கள் ஊர்க் கருணாபுரத்தில் கள்ளச்சாராயச் சாவுகள் நடந்த நாட்களில் பலகை காலியாக இருந்தது. அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். பேப்பர் கைமாறியதே தவிர யாரும் கருத்துச் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த ஆகஸ்ட் 15. கொடியேற்றிய சந்தோஷத்தில் ஐயா சுலபமாகக் கேட்டார்: "நமக்குச் சுதந்திரம் கிடைத்த ஆண்டு?" கூடவே போண்டாவும் உண்டு. 1947 என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஒரு குரல்: "எழுவத்தாறு."

வெள்ளிமலை பஸ்ஸில் வந்திறங்கிய பெரியவர். காலடியில் தேன் பாட்டில்கள், ஒரு மூட்டை கடுக்காய்.

"நாற்பத்தேழு பெரியவரே" என்றேன், அனுதாபத்தோடு.

"அது ஒங்களுக்குத் தம்பி. எங்க மலைக்கு எழுவத்தாறுலதான் வந்துச்சி. அதுவரைக்கும் ஜாகீர்தாருங்க ராஜ்ஜியம். வரியும் கட்டுனோம், கூலி இல்லாம வேலையும் செஞ்சோம்."

நான் ஐயாவைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கல்வராயன் மலை மூன்று ஜாகீர்களாக இருந்ததும், 1976இல்தான் அரசின் கைக்கு வந்ததும் அவருக்குத் தெரிந்த விஷயம்தான். கேள்வி எழுதும்போது மலை ஞாபகத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். நடுவில் எனக்கு வேறொன்று உறைத்தது: 1976 என்றால் நெருக்கடி நிலை. இங்கே கீழே வாய்ப்பூட்டுப் போட்டிருந்த நேரத்தில் மேலே பூட்டைத் திறந்திருக்கிறார்கள். இந்தக் கேள்வி குரூப் 4இல் ஏன் வரவில்லை என்றும் தோன்றியது. வந்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

ஐயா இரண்டு டீ சொன்னார். போண்டா ஒன்றுதான் பாக்கி இருந்தது. அதைப் பெரியவருக்குக் கொடுத்தார். "சக்கரை கம்மியா" என்றார் பெரியவர், சர்க்கரை ஆலைகள் உள்ள மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு.

மறுநாள் பலகையில் கேள்வி வழக்கம்போல. அதன் கீழே, பொடி எழுத்தில்: "விடை சமவெளிக்கு மட்டும் பொருந்தும்."