புலியை எழுப்பும் மாமா

திருவனந்தபுரம் ஜூவுக்குப் போகக் கிழக்கேகோட்டையில் சிட்டி பஸ் ஏறும்போதே மாமா வாக்குக் கொடுத்துவிடுவார்: "இன்னிக்குப் புலி உறுமறதைக் காட்டறேன் பாரு." புலியிடம் கேட்காமல் கொடுத்த வாக்கு. மியூசியம் ஸ்டாப்பில் இறங்கி, டிக்கெட் வாங்கி, அடைப்புக்கு முன்னால் போய் நின்றால் புலி மர நிழலில் படுத்திருக்கும். மாமா முதலில் கை தட்டுவார். அடுத்து நாக்கை மடித்து ஒரு விசில். அதற்கும் அசையவில்லையென்றால் ஸ்கூட்டர் சாவிக்கொத்தை எடுத்துக் கைப்பிடிக் கம்பியில் கணகணவென்று அடிப்பார். கடைசி ஆயுதமாக, தானே உறுமிக் காட்டுவார். அந்த உறுமலில் மிரளுவது, பக்கத்தில் கப்பலண்டி தின்றுகொண்டிருக்கும் யார் வீட்டுக் குழந்தையோதான். ஈ உட்கார்ந்ததால் புலி ஒரு காதை ஆட்டினால், "பாத்தியா, நான் கூப்பிட்டதுக்குக் காதை ஆட்டறது!" என்று வெற்றி அறிவிப்பு வேறு. ஆட்டாவிட்டால், "சோம்பேறிப் புலி" என்று தீர்ப்பு எழுதிவிட்டு நீர்யானையை எழுப்பப் போய்விடுவார். போகிற வழியில் எல்லா மானுக்கும் ஒரே பெயர் சொல்வது, போர்டைப் படிக்காமலே விளக்குவது எல்லாம் உண்டு, அவற்றை மன்னித்துவிடலாம்.

மன்னிக்க முடியாதது இந்தப் பள்ளியெழுச்சிதான். சிங்கம் ஒரு நாளில் பதினாறு மணி நேரத்துக்குக் குறையாமல் படுத்தே கிடக்கும். புலி பெரும்பாலும் அந்தியிலும் இரவிலும் விடிகாலையிலும் நடமாடும். நீர்யானையின் தோல் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். அதனால் பகலெல்லாம் தண்ணீரில் கிடந்துவிட்டு இரவில்தான் மேயப் போகும். வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடக்கும் முதலையை மாமா "பொம்மைடா" என்கிறார். அது உடம்புச் சூட்டைத் தணித்துக்கொண்டிருக்கிறது. மாமா சோம்பல் என்று நினைப்பது அந்தந்த உயிர் பிழைத்திருக்கும் வழி. நம் ஜூவோ காலையில் திறந்து மாலையில் மூடுவது. அதாவது நாம் போவது பெரும்பாலும் அவற்றின் நடுராத்திரியில். இதே மாமா ஞாயிறு மத்தியானம் கண்ணயரும்போது வீட்டில் மிக்ஸி ஓடக்கூடாது என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

"காசு கொடுத்து வந்திருக்கோம், நாகர்கோவில்லேர்ந்து வர்றவா என்ன பண்ணுவா? குழந்தைகள் ஏமாந்து போகாதோ?" என்று மாமா கேட்பார். டிக்கெட் உள்ளே போய்ப் பார்ப்பதற்கு. வித்தை காட்டச் சொல்வதற்கு அல்ல. அதற்கு சர்க்கஸ் இருந்தது. அங்கேயே புலி, சிங்கங்களை வைத்து வித்தை காட்டுவதை இந்தியாவில் தடை செய்து பல வருஷம் ஆகிறது. குழந்தைகள் விஷயத்திலும் வாதம் நிற்காது. நாலு வயசுக் குழந்தை புலியின் தட்டில் திருடும் காக்காயையும், கம்பி மேல் ஊரும் எறும்பையும் அரைமணி நேரம் பார்க்கும். படுத்த புலியைப் பார்த்து அது கேட்பது, "தலகாணி வேண்டாமா?" என்றுதான். "அய்யே, தூங்கறதே" என்ற ஏமாற்றம் மாமா சொல்லிக் கொடுத்த பாடம். 1859இல் திருவிதாங்கூர் உத்திரம் திருநாள் மகாராஜா காலத்தில் தொடங்கிய ஜூ இது, 55 ஏக்கர். பழைய கம்பிக் கூண்டுகள் பலவற்றை எடுத்துவிட்டு மரமும் நிழலுமாகத் திறந்த அடைப்புகள் கட்டியதே, மிருகம் வேண்டுமென்றால் நம் கண்ணில் படாமல் ஒதுங்கட்டும் என்றுதான். அதையும் மாமா "ஒண்ணுமே தெரியலை" என்று புகாராக்குகிறார்.

கூப்பிட்டால் மிருகம் வருமா என்பதற்கு ஊரறிந்த சாட்சி உண்டு. 2023 ஜூனில், திருப்பதியிலிருந்து கொண்டுவந்த பெண் அனுமன் குரங்கு ஒன்று ஜூவிலிருந்து தப்பி, வாரக்கணக்கில் நகரத்து மரங்களில் குடியிருந்தது. தினமும் மிருகங்களோடு பழகும் ஊழியர்களே மரத்தடியில் அண்ணாந்து காத்துக் கிடந்தார்கள், குரங்கு இறங்கி வரவில்லை. மாமாவின் சாவிக்கொத்துக்கா புலி எழுந்து வரப்போகிறது? மாமா நல்லவர்தான். வெயிலில் சின்னதைத் தோளில் தூக்கி, பெரியதைக் கையில் பிடித்து, தண்ணீர் பாட்டிலையும் சுமந்து நடப்பவர் அவர் ஒருவரே. குழந்தையின் முகம் வாடக்கூடாது என்ற ஆசையில்தான் அத்தனை சத்தமும். ஆனால் அவர் ஒருவர் அல்ல. ஞாயிற்றுக்கிழமை அடைப்புக்கு அடைப்பு ஒரு மாமா நிற்கிறார். ஒருவர் தட்டிவிட்டுப் போனதும் அடுத்தவர் ஆரம்பிக்கிறார். வாங்கிக் கட்டிக்கொள்வது புலி. மிருகக்காட்சிசாலையில் மிருகங்களைச் சீண்டுவதும், சத்தம் போட்டுத் தொந்தரவு செய்வதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. அவ்வளவு தூரம் போக வேண்டாம். திங்கட்கிழமை ஜூவுக்கு விடுமுறை. சும்மா நிற்க முடியாத மாமாக்கள் தயவுசெய்து அன்றைக்கு வரவும்.