பெட்டி மாமா

விருச்சிகக் காற்று வீசத் தொடங்கிவிட்டால் எங்கள் ஊரான நல்லேப்பிள்ளியில் வாத்தியம் வாங்கியதை யாரும் வெளியே சொல்வதில்லை. சொன்னால் பெட்டி மாமா வந்துவிடுவார். தலையில் மங்கிக் குல்லாய், கழுத்தில் மப்ளர், மப்ளருக்குள்ளிருந்து குரல்: "தொறந்துடப்படாது, கேட்டியா! யாத்ர பண்ணி வந்திருக்காக்கும். ரூம் சூடு பிடிக்கட்டும்."

மாமாவுக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. தாளம் போடுவார். அதுவும் பக்கத்து நாற்காலிக்காரர் தொடையில்.

எல்லாம் டொரன்டோவில் இருக்கும் மருமாளுக்கு ஒரு ஜனவரியில் தஞ்சாவூர் வீணை போனதில் ஆரம்பித்தது. ராத்திரி முழுக்க உறைபனியில் வண்டிக்குள் கிடந்த பெட்டி. அதை வீட்டுக்குள் இழுத்த கையோடு திறந்தால், ஐஸ் தண்ணீர் டம்ளர் வியர்ப்பதுபோல், அறைக் காற்றின் ஈரமெல்லாம் தந்தியிலும் பித்தளை மெட்டுகளிலும் பலா மரத்திலும் முத்து முத்தாகப் படிந்துவிடும். வீணையின் 24 மெட்டுகளும் உட்கார்ந்திருப்பதோ மெழுகின்மேல். குளிரில் மெழுகு விறைத்திருக்கிற நேரத்தில் இடித்தால் பெயர்ந்து வரலாம். மூடியபடியே ஒரு நாள் விட்டால் படிகிற ஈரம் அட்டையின் வெளிப்பக்கத்தோடு போயிற்று. மாமா வாட்ஸாப்பில் வீடியோ போடச் சொல்லி, இங்கிருந்தே காவல் காத்தார். வீணை பிழைத்தது. எங்களுக்குத்தான் அன்றிலிருந்து பிழைப்பில்லை.

போன மார்கழியில் எதிர்வீட்டுப் பையனுக்கு மிருதங்கம் வந்தது. எங்கிருந்து? பெருவெம்பிலிருந்து. செண்டையும் மத்தளமும் மிருதங்கமும் செய்கிற குடும்பங்கள் இருக்கிற ஊர், ஆட்டோவில் போய்வரும் தூரம். பையன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான். இறங்குவதற்குள் மாமா வாசலில் நிற்கிறார். "உள்ளே மூலையில வை. நாலு நாள் ஒருத்தரும் தொடப்படாது."

நாலு நாளும் அந்த வீட்டில் ஃபேன் ஓடவில்லை. ஜன்னல் திறக்கவில்லை. அடுக்களைச் சூடு கூடத்துக்கு வரக்கூடாது என்று கதவைச் சாத்தி வைத்து, பையனின் அம்மா புகையில் தோசை வார்த்தாள். மாமா காலையும் மாலையும் வந்து புறங்கையை உறைமேல் வைத்துப் பார்ப்பார். "ம்ஹூம், இன்னும் பிடிக்கல்ல." பெருவெம்பில் 22 டிகிரி என்றால் நல்லேப்பிள்ளியிலும் 22தான் என்று பையன் சொல்லிப் பார்த்தான். "உனக்குப் பிசிக்ஸ் தெரியாது" என்றுவிட்டார். பையன் பி.எஸ்ஸி. பிசிக்ஸ்.

இங்கே பயப்பட வேண்டியது காற்றுக்கு. மேற்குத்தொடர்ச்சி மலையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் இடைவெளி விட்டிருக்கிறதே, பாலக்காட்டுக் கணவாய், அதன் வழியாகக் கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து வறண்ட காற்று அடிக்கும். தோல் இறுகும், சுருதி ஏறும். இடவப்பாதி மழையில் அதே தோல் ஊறித் தளரும், சுருதி இறங்கும். டொரன்டோவிலும் கதை இதுதான்: பெட்டி சூடு பிடித்ததோடு தீரவில்லை, ஹீட்டர் ஓடும் அறையில் ஈரமே இராது, மரம் சுருங்கி வெடிக்கப் பார்க்கும், காற்றுக்கு ஈரம் ஊட்டத் தனியாக ஒரு மிஷின் வைக்க வேண்டும். மாமாவின் சாஸ்திரம் பெட்டி திறக்கிற நிமிஷத்தோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் வாத்தியம் என்ன ஆனது என்று அவர் கேட்டதில்லை.

ஆனால் பெட்டியைத் திறக்கிறபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். குல்லாயைக் கழற்றிவிடுவார். பலா மரத்தைத் தடவுவார், மிருதங்கத் தோல்மேல் தேய்த்த சோற்றின் கருவட்டத்தைத் தொடாமல் குனிந்து பார்ப்பார். அந்த நேரத்தில் அவரைக் கோபித்துக்கொள்ள முடியாது.

அடுத்து பேச்சில் மணி ஐயர் வந்துவிடுவார். மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் (1912–1981) தோலுக்காக என்ன பாடுபட்டார் தெரியுமா என்று ஒரு மணி நேரம். பாடுபட்டவர்தான். தஞ்சாவூரில் அவரோடு சேர்ந்து பாடுபட்ட பர்லாந்து என்ற மிருதங்கக் கைவினைஞரின் பேர் மட்டும் மாமா வாயில் வராது. பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020இல் மிருதங்கம் செய்கிற குடும்பங்களைப் பற்றி 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகமே எழுதினார். கொண்டுபோய்க் கொடுத்தேன். அலமாரியில் இருக்கிறது, அதுவும் சூடு பிடிக்கிறதுபோல.

எனக்கு ஆற்றாமை இதில்தான். மிருதங்கத்துக்கு நாலு நாள் விச்ராந்தி கொடுப்பவர், அதை மூட்டியவருக்குத் திண்ணையில் உட்கார ஒரு பாய் போட்டதில்லை. தோலை ஊறவைத்து, காயவைத்து, வார் பிடித்து, சோறு தேய்த்தவர் ஐந்தாம் நாள் பாக்கிப் பணத்துக்கு வந்து வெயிலில் நின்றார். பணம் பையனின் அப்பா கொடுக்க வேண்டியது. மாமா குறுக்கே விழுந்தார்: "என்ன அவசரம்? வாத்யம் பழகட்டும், பாக்கலாம்."

"பணத்துக்கு எந்த ஊர்க் காத்தும் பிடிக்கும், சாமி" என்றார் அவர்.

மாமா அவர் பக்கம் திரும்பவேயில்லை. பையனின் அப்பாவும் மாமா பேச்சைக் கேட்டுக்கொண்டார். பாக்கி போய்ச் சேர்ந்தது மாசியில்.