நாலு போல்ட்டு

மல்லசமுத்திரத்தை அடுத்த திருச்செங்கோட்டில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் உண்டு. வண்டி எடுக்க வரும் ஓனர் பின்கதவைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டுவார். லொடலொடத்தால், "ஏனுங்க மேஸ்திரி, இதுக்கு நட்டு யாருங்க போடறது?" அத்தோடு தரக் கட்டுப்பாடு முடிந்தது.

போயிங்கில் அப்படி ஆட்டிப் பார்க்க ஆள் இல்லை போலிருக்கிறது. 2024 ஜனவரி 5 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸின் 737 மேக்ஸ் 9 விமானம் சுமார் 14,800 அடி உயரத்தில் இருந்தபோது, கதவு வைக்காத இடத்தை அடைத்திருந்த பலகம் பிய்த்துக்கொண்டு போனது. சியாட்டிலை அடுத்த ரென்டன் ஆலையில் ரிவெட் பழுதைச் சரிசெய்ய அதைத் திறந்தார்கள், மூடும்போது நாலு போல்ட்டையும் போடவில்லை. திறந்ததற்குக் காகிதமும் இல்லை. காகிதத்தில் இல்லாதது நடக்கவே இல்லை என்பது நம் தாலுகா ஆபீஸ் தத்துவம். அமெரிக்கா வரை போயிருக்கிறது!

அதற்கு முன்பே, 2018, 2019 மேக்ஸ் விபத்துகளில் 346 பேர் செத்தார்கள். நிர்வாகம் சும்மா இருக்கவில்லை, தலைமையகத்தை மாற்றிக்கொண்டிருந்தது. 2001இல் சியாட்டிலிலிருந்து சிகாகோ, 2022இல் ஆர்லிங்டன். பட்டறைச் சத்தம் எட்டாத தூரம்.

தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சேலமும் ஒரு முனை. விமான உதிரிபாகம் செய்ய வரும் முதலாளிமாரே, ஆபீஸைப் பட்டறை மாடியிலேயே போடுங்கள்.