கார்ட்டூனுக்கும் செக்கிங் உண்டு

கேள்வி: நானும் வீட்டுக்காரரும் பனியன் கம்பெனிக்குப் போய்விடுகிறோம். நாலு வயசுப் பையன் பாட்டியோடு இருக்கிறான். போனில் வெறும் கார்ட்டூன்தான் பார்க்கிறான். பயப்பட வேண்டுமா?
– ஒரு வாசகி, அனுப்பர்பாளையம்

பதில்: அந்த ‘வெறும் கார்ட்டூன்’தான் பயமே, அம்மா! 2017-இல் வெடித்த ‘எல்சாகேட்’ சர்ச்சை நினைவிருக்கிறதா? எல்சா, ஸ்பைடர்மேன் போன்ற கார்ட்டூன் பாத்திரங்களின் வேடத்திலேயே யூடியூபில் வன்முறையும் ஆபாசமும் குழந்தைகளிடம் போய்ச் சேர்ந்தன. செக்கிங் பார்க்காத பீஸை உங்கள் கம்பெனி பெட்டியில் அடுக்குமா? கார்ட்டூனுக்கும் அதே செக்கிங்தான். யூடியூப் கிட்ஸ் செயலியில், நீங்கள் பார்த்துத் தேர்ந்தெடுத்தவை மட்டுமே ஓடும்படி வைக்கலாம். பையனால் வேறு எதையும் தேட முடியாது. டைமரும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்துவிடுங்கள். மிச்ச நேரத்துக்குப் பாட்டியின் கதை இருக்கிறதே, நடுவில் விளம்பரம்கூட வராது!