ரவை கேட்கும் வாத்தியம்

வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஆளுக்கொரு வாத்தியமாகப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் கொள்கை. மதுரையில் வீணை சண்முகவடிவு வீட்டில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாட்டு, வடிவாம்பாள் வீணை, சக்திவேல் மிருதங்கம். ஒரு கச்சேரிக்கு வேண்டிய ஆள்பலம் கூடத்திலேயே இருந்திருக்கிறது. நாட்டியத்துக்கு ஒரு பாலசரஸ்வதி என்றால், அவருடைய தம்பிகளில் ரங்கநாதன் மிருதங்கம், விஸ்வநாதன் புல்லாங்குழல்.

இதையெல்லாம் மனைவியிடம் அடுக்கினேன். "எம்.எஸ். வீட்ல அம்மாவே வீணை வாசிச்சாங்க. நம்ம வீட்ல நீங்க என்ன வாசிக்கிறீங்க?" என்றாள். நான் பேப்பர் வாசிக்கிறேன்.

பெரியவள் வீணை கேட்டாள். தஞ்சாவூர் வீணை என்றால் பலாமரம், 24 மெட்டு, 7 தந்தி என்று விசாரித்ததில் எல்லாமே மனதுக்குப் பிடித்தது, நீளத்தைத் தவிர. எங்கள் கூடத்தில் வீணை படுத்தால் என் மாமியார் படுக்க இடமில்லை. இரண்டில் ஒன்றை நகர்த்தச் சொல்லும் தைரியம் எனக்கு வீணையிடம் மட்டுமே உண்டு. ஆகவே வயலின்.

அவள் முகம் சுருங்கியது. சரித்திரத்தைச் சொல்லித் தேற்றினேன்: "முத்துசுவாமி தீட்சிதரோட தம்பி பாலுசுவாமி தீட்சிதர்தான் வயலினைக் கத்துக்கிட்டு நம்ம சங்கீதத்துல வாசிச்ச முன்னோடி, தெரியுமா?"

"அப்ப அதைத் தம்பிக்கே வாங்கிக் கொடுங்கப்பா."

கடைக்குப் போன பிறகுதான் வயலினில் கால், அரை, முக்கால், முழுசு என்று அளவுகள் இருப்பது தெரிந்தது. பிள்ளை வளர வளர வயலினையும் மாற்றிக்கொண்டே போக வேண்டுமாம். பள்ளிச் சீருடையைப் போல நாலு வருஷத்துக்குச் சேர்த்துப் பெரிதாகவே எடுத்துவிடலாமே என்று கேட்டேன். கடைக்காரர் பதில் சொல்லாமல் பெண்ணின் கையை நீட்டச் சொல்லி அளந்தார்.

சின்னவனுக்குப் புல்லாங்குழல் என்பது என் முடிவு. மலிவு, பைக்குள் அடங்கும், தொலைந்தாலும் வயிறு எரியாது. தொடக்கத்தில் வெறும் காற்றுதான் வரும் என்பது அடுக்குமாடிவாசிக்குக் கூடுதல் சலுகை. அவனோ ஊதியதைவிட அதை வைத்து அக்காவின் தலையில் தாளம் போட்டதே அதிகம். பார்த்துக்கொண்டிருந்த பாட்டி, "இவனுக்கு மிருதங்கம்தான்" என்று தீர்ப்பளித்துவிட்டார். மாமியாரின் தீர்ப்புக்கு எங்கள் வீட்டில் மேல்முறையீடு கிடையாது.

மூன்று மாடி தூக்க வேண்டுமே என்று சின்ன மிருதங்கமாகப் பார்த்து வாங்கினேன். சின்னது என்றால் சுருதி மேலே இருக்கும் என்பதை வாத்தியார் வந்துதான் சொன்னார். அது ஐந்து கட்டையில் பேசியது. பெரியவளின் வயலினோ இரண்டு கட்டை. வயலினை ஏற்றினால் தந்தி அறும், மிருதங்கத்தை இறக்கினால் தோல் தொய்யும். மதுரை வீட்டை நினைத்துக்கொண்டு நான் ஏற்பாடு செய்த இரட்டைக் கச்சேரி, ஒருவர் கூடத்திலும் ஒருவர் படுக்கையறையிலுமாகக் கதவைச் சாத்திக்கொண்டு நடக்கிறது. அக்காவுக்கும் தம்பிக்கும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் இதுதான்: நான் கூடத்துக்கு வந்தால் இருவரும் ஒரே சமயத்தில் நிறுத்திவிடுகிறார்கள்.

ஒரு லாபத்தையும் சொல்லியாக வேண்டும். மிருதங்கத்தின் இடது பக்கத்தில், தொப்பியில், ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அப்ப வேண்டும். அப்போதுதான் அந்தக் கனத்த நாதம் வரும். வாசித்து முடித்ததும் சுரண்டி எடுத்துவிட வேண்டும், அடுத்த தடவைக்குப் புது ரவை. சமையலறை டப்பாவிலிருந்துதான் போகிறது. கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் வாதாடியும் குறையாத உப்புமா, பையன் பாடம் ஆரம்பித்த பிறகு கணிசமாகக் குறைந்திருக்கிறது. அவன் நன்றாக வாசிக்கிறானா என்று எனக்குத் தெரியாது. நிறைய வாசிக்க வேண்டும் என்று தினமும் ஊக்கப்படுத்துகிறேன்.

பெரியவள் இப்போது முக்கால் அளவுக்கு வந்துவிட்டாள். வில்லோடும் பெட்டியோடும் ஓர் அரை அளவு வயலின் எங்கள் வீட்டில் சும்மா கிடக்கிறது. வேண்டுகிற பெற்றோர் நியாயமான விலைக்கு எடுத்துக்கொள்ளலாம். வரும்போது பிள்ளையை மட்டும் அழைத்து வராதீர்கள். மிருதங்கத்தைப் பார்த்தால் அதுதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும்.