ஏணிக்காரர்

தினமும் சொல்லேணிப் புதிர் போடுகிறவரைப் பார்த்து, "ஆஹா, என்ன மொழிப்பற்று!" என்று நாம் வியந்துவிடுகிறோம். இது அவருக்கும் மொழிக்கும் சேர்த்துச் செய்கிற அநியாயம். அவருடைய பற்றெல்லாம் வழியின்மேல். சொல் என்பது கால் வைக்க ஒரு படி, அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் அவரைக் காவலூரில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆலங்காயம் தாண்டி மலையேறி, வைணு பாப்பு வானாய்வகத்தில் வான் பார்க்கலாம் என்று சனிக்கிழமை மாலை குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். இரண்டு பருவமழையும் எட்டிப் பார்க்கிற ஊர் அது. மேகம் மூடிக்கொண்டால் பிள்ளைகள் சிணுங்கும், பெரியவர்கள் வருணனைத் திட்டியபடி முறுக்குப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். ஏணிக்காரர் மட்டும் கைபேசி வெளிச்சத்தில் முகம் மலர்ந்து உட்கார்ந்திருப்பார். இந்த மலையை ஜவ்வாது மலை என்றும் சவ்வாது மலை என்றும் எழுதுகிறார்களே, அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்று கண்டதிலேயே அவருக்கு வந்த செலவு கழிந்துவிட்டது. சனிக் கோளின் வளையம் தெரியாமல் போனது மற்றவர்களுடைய துக்கம்.

விளையாட்டின் விதி எளிது. தொடக்கச் சொல்லும் முடிவுச் சொல்லும் கொடுக்கப்படும். ஒரு தடவைக்கு ஓர் எழுத்தை மட்டும் மாற்றலாம். மாற்றி வருகிற ஒவ்வொன்றும் உயிருள்ள சொல்லாக இருக்க வேண்டும். 'ஆலிஸின் அற்புத உலகம்' எழுதிய லூயிஸ் கரோல் 1877 கிறிஸ்துமஸ் அன்று, பொழுது போகவில்லை என்ற இரண்டு சிறுமிகளுக்காக இதைக் கண்டுபிடித்தார். 1879-இல் 'வேனிட்டி ஃபேர்' பத்திரிகையில் வந்து பரவியது. குரங்கு என்ற ஆங்கிலச் சொல்லை மனிதன் ஆக்கு என்பது அவர் போட்ட புதிர்களில் ஒன்று. அந்தச் சிறுமிகளில் ஒருத்தியான ஜூலியா ஆர்னால்ட், பிறகு டார்வினுக்காக ஊரெல்லாம் வாதாடிய ஹக்ஸ்லியின் வீட்டுக்கே மருமகளாகப் போனார். குரங்கிலிருந்து மனிதனுக்கு எத்தனை படி என்ற கேள்வி அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் புதிதாக இருந்திருக்காது.

நான் சொல்வதற்கு முதல் சாட்சி, ஏணிக்காரர் சொற்களை நடத்துகிற விதம். கரோலின் புகழ்பெற்ற உதாரணம் தலையிலிருந்து வாலுக்குப் போவது. ஆங்கிலத்தில் நடுவே நான்கு சொற்கள் வேண்டும். தமிழில் தலை, கலை, கல், கால், வால் என்று மூன்றிலேயே முடிந்துவிடும். இதைக் கேட்டு மகிழ்கிறவர் மொழிப்பற்றாளர். ஏணிக்காரர் மகிழ மாட்டார். இரவெல்லாம் புரண்டுவிட்டு விடியற்காலையில், "தலை, வலை, வல், வால். இரண்டே சொல்!" என்று எழுந்து உட்காருவார். 'வல்' என்றால் என்ன என்று வீட்டில் கேட்டால் கோபம் வரும். வலிமை என்றும் சூதாடு கருவி என்றும் பொருள் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியில் ஏறிய சொல்தான். ஆனால் அவருக்கு வேண்டியது பொருள் இல்லை, அகராதியின் முத்திரை. கலையையும் காலையும் வெட்டி எறிந்ததில் அவருக்கு எள்ளளவும் வருத்தம் கிடையாது. இந்த ஆசாமிகளைக் கரோல் அன்றைக்கே அறிந்திருக்க வேண்டும். புதிரைப் புத்தகமாகப் போட்டபோது, செல்லுபடியாகும் சொற்களின் பட்டியலையும் சேர்த்தே அச்சிட்டார்.

தமிழ் ஏணிக்காரருக்கு ஆங்கிலக்காரருக்கு இல்லாத ஒரு தலைவலியும் உண்டு. எது ஓர் எழுத்து? உயிர்மெய்யை ஒன்றாக எண்ணுகிற கட்சிக்கு 247 எழுத்தில் எதை வேண்டுமானாலும் எடுத்து வைக்கலாம். மண்ணிலிருந்து விண்ணுக்கு ஒரே படி. காவலூரில் அத்தனை பெரிய தொலைநோக்கி எதற்கு என்றுகூடத் தோன்றிவிடும். மெய்யையும் உயிரையும் பிரித்து எண்ணுகிற கட்சி இதைக் கள்ளாட்டம் என்கிறது. அவர்கள் கணக்கில் விண்ணுக்குப் போக, நடுவில் 'வண்' என்ற பழஞ்சொல்லைத் துணைக்கு அழைக்க வேண்டும். காட்டிலிருந்து வீட்டுக்குப் போவதென்றாலும் வழியில் வாடியே தீர வேண்டும். எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் விளையாடுவது நமக்குப் புதிதில்லை. எழுத்து வருத்தனம், அக்கரச்சுதகம் என்று தண்டியலங்காரம் அவற்றுக்கு இலக்கணமே வைத்திருக்கிறது. ஆனால் அந்தப் புலவர்கள் கடைசியில் ஒரு செய்யுளையாவது கொடுத்தார்கள். ஏணிக்காரர் கொடுப்பது ஒரு தகராறு.

இதெல்லாம் மூளைக்கு நல்லதுதானே என்று சிலர் அவருக்காகப் பரிந்து பேசுவார்கள். பெரும்பாலும் அவரே பேசுவார். இந்த வாதத்தை நம்பிக் களத்தில் இறங்க வேண்டாம். கணினியில் மூளைப் பயிற்சி விளையாட்டு விற்ற லுமோசிட்டி நிறுவனம், மறதி நோயைத் தள்ளிப்போடலாம் என்கிற அளவுக்குப் போதிய ஆதாரம் இல்லாமல் விளம்பரம் செய்ததாக அமெரிக்க வணிக ஆணையம் வழக்குப் போட்டது. 2016-இல் இருபது லட்சம் டாலர் கட்டி நிறுவனம் அதை முடித்துக்கொண்டது. புதிர் போடப் போடப் புதிர் நன்றாக வரும். ஏணிக்காரர் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது அப்படியேதான் இருக்கும்.

அப்படியானால் வெட்டி வேலைதானே என்று கேட்டால், இங்கேதான் காவலூர் அவருக்குக் கைகொடுக்கிறது. வானியலாளர்களும் ஏணி கட்டித்தான் ஏறுகிறார்கள். அதற்குத் தூர ஏணி என்றே பெயர். பக்கத்து விண்மீனின் தூரத்தை நேரடியாக அளந்து, அதை வைத்து அடுத்ததை, அதை வைத்து அண்டை மண்டலத்தை என்று படிப்படியாகப் போக வேண்டும், தாவ முடியாது. அதில் ஒரு படி போட்டவர்தான் காவலூர் வானாய்வகத்தை உருவாக்கிய வைணு பாப்பு. குளிர்ந்த விண்மீன்களின் நிறமாலையில் கால்சியம் விட்டுச்செல்லும் ஒரு கோட்டின் அகலத்தைக் கொண்டே அந்த விண்மீனின் உண்மையான ஒளிர்வைச் சொல்லலாம் என்று அவரும் ஓலின் வில்சனும் 1957-இல் காட்டினார்கள். உண்மை ஒளிர்வு தெரிந்தால் தூரம் தெரியும். நடுப்படி பிசகினால் என்ன ஆகும் என்பதற்கும் சரித்திரம் இருக்கிறது. தூரம் அளக்க உதவும் செபீடு விண்மீன்களில் இரண்டு வகையைக் குழப்பிக்கொண்டிருந்ததை வால்டர் பாடே 1952-இல் சுட்டிக்காட்டியபோது, ஆண்ட்ரோமீடா இரண்டு மடங்கு தூரத்துக்குப் போய்விட்டது. கூடவே பிரபஞ்சமும் பெருத்தது. 'வல்' ஒரு சொல்லா இல்லையா என்று மல்லுக்கு நிற்கிறவரை இனி முழுப் பைத்தியம் என்று சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் ஒரு மறுப்பு மிஞ்சுகிறது, அது வலுவானது. வானியலாளர் ஏறிப் போகிற இடம் யாருக்கும் தெரியாத இடம். ஏணிக்காரருக்கு முடிவுச் சொல்லைக் காலையிலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒப்புக்கொண்டால் என் கட்சி இன்னும் பலப்படுகிறது: போகிற ஊரும் தெரிந்து, போய்ச் சேர்வதில் லாபமும் இல்லாமல் ஒருவர் தினமும் கிளம்புகிறார் என்றால், அவரை இழுப்பது வழியாகத்தானே இருக்க முடியும்? சிபாரிசுக் கடிதத்திலும் வரிசையில் நடுவே நுழைவதிலும் தேர்ந்த நாட்டில், படி தாண்டத் தெரியாத பிறவி அபூர்வம். கூட இருப்பவர்களுக்கு அந்த அபூர்வம் கொஞ்சம் கஷ்டம். ஒரு கல்யாணத்தைப் பற்றிக் கேட்டால், பெண் பார்த்ததிலிருந்து பந்தியில் வாழை இலை போட்டது வரை ஒன்றையும் விடாமல் வருவார். தாலி கட்டிய இடத்துக்கு வருவதற்குள் கேட்டவருக்குப் பேருந்து வந்துவிடும்.

அவரைக் கலங்கடிக்கக் கூடியது ஒன்றே ஒன்று. ஆங்கில ஐந்தெழுத்துச் சொற்கள் 5757-ஐ எடுத்துக் கணினியில் கோத்துப் பார்த்தார் கணினி அறிஞர் டொனால்டு நூத். அவற்றில் 671 சொற்கள் எந்தச் சொல்லோடும் ஒட்டவில்லை. அங்கிருந்து எங்கும் போக முடியாது, எங்கிருந்தும் அங்கே வர முடியாது. இதைப் படித்த ஏணிக்காரர், மேகம் விலகாத அந்த இரவில், காவலூரும் அப்படி ஒட்டாத சொல்லோ என்று அஞ்சி உட்கார்ந்தார். நல்லவேளை, காவலூர் காவலர் ஆகிறது, காவலர் காதலர் ஆகிறார். உயிர்மெய்க் கட்சி, மெய்யுயிர்க் கட்சி இரண்டுமே ஆட்சேபிக்க முடியாத இரண்டு படி. நடுவில் போலீஸ் நிற்பது அவருடைய குற்றமில்லை. ஊர்ப்பெயரைச் சொல்லாகச் சேர்த்துக்கொள்ளலாமா என்ற வழக்கு மட்டும் இன்னும் நிலுவையில் இருக்கிறது.